அமெரிக்காவில் வீடு வாங்கியதும் வரும் கடிதங்களும் போன்களும்: எதைக் கிழிக்கலாம், எதைக் கிழிக்கவே கூடாது

க்ளோசிங் (கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கி முடிப்பது) முடிந்து சாவி கைக்கு வந்த இரண்டு மூன்று வாரங்களில் தபால் பெட்டி நிரம்ப ஆரம்பிக்கும். வருவதில் நிறைய உங்கள் வீட்டுக் கடனைப் பற்றித்தான் பேசும். உங்கள் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், லெண்டரின் (கடன் கொடுத்தவர்) பெயர், கடன் தொகை, பதிவான தேதி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். "இவ்வளவு தெரிந்திருக்கிறதே, பேங்க்தான் அனுப்பியிருக்கும்" என்று யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றட்டும் என்றுதான் அவற்றை அந்த மாதிரி அச்சடிக்கிறார்கள்.

விவரம் எங்கே கசிந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எங்கும் கசியவில்லை. வீட்டின் டீட் (உரிமைப் பத்திரம்), கூடவே மார்ட்கேஜ் ஆவணம் (சில மாநிலங்களில் அதற்குப் பதிலாக வேறு வடிவில் ஒரு பத்திரம்) கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவாகின்றன. பதிவான பிறகு அவை பொது ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். இவற்றைக் கவுண்டி கவுண்டியாகத் திரட்டிப் பட்டியலாக விற்கும் கம்பெனிகள் உண்டு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், வாரண்டி விற்பவர்கள், அப்புறம் அசல் மோசடிக்காரர்கள், எல்லோரும் அங்கேதான் வாங்குகிறார்கள். போனில் ஒருவர் உங்கள் லோன் நம்பரையே சொன்னாலும் அது சான்று ஆகாது. பல மார்ட்கேஜ் ஆவணங்களில் அந்த எண் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஆவணத்தோடு அதுவும் பதிவில் போய்விடும்.

அதனால் "இவருக்கு என்னைப் பற்றித் தெரிகிறதா" என்று பார்ப்பதில் பயனில்லை. அவர் கொடுக்கும் எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கீழே வரும் எல்லா யோசனைகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் வேலை: ஒரு தாள்

க்ளோசிங் அன்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலோர் அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து இரண்டு காகிதங்களை மட்டும் எடுங்கள்.

ஒன்று, ஃபர்ஸ்ட் பேமெண்ட் லெட்டர். முதல் தவணை எப்போது, எவ்வளவு, யாருக்கு, எந்த முகவரிக்கு என்று அதில் இருக்கும். இரண்டாவது, க்ளோசிங் டிஸ்க்ளோஷர். ஐந்து பக்க ஆவணம். நான்காம் பக்கத்தில் எஸ்க்ரோ கணக்கு (வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) உண்டா, அதிலிருந்து எந்த எந்தச் செலவு கட்டப்படும் என்று போட்டிருக்கும். ஐந்தாம் பக்கத்தில் லெண்டர், ஏஜெண்டுகள், செட்டில்மெண்ட் கம்பெனி ஆகியோரின் தொடர்பு விவரங்கள் இருக்கும்.

இவற்றைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள்: சர்வீசரின் (தவணையை வாங்கிக் கடன் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி) பெயரும் போன் எண்ணும், வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் எண், டைட்டில் கம்பெனியின் (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து க்ளோசிங்கை நடத்துபவர்கள்) எண், உங்கள் கவுண்டியின் அசெஸர் (வீட்டின் மதிப்பைக் கணிப்பவர்), வரி வசூல் அலுவலகம் இரண்டின் எண்கள். பிராப்பர்ட்டி டாக்ஸும் வீட்டு இன்ஷூரன்ஸும் எஸ்க்ரோ வழியாகப் போகின்றனவா, நீங்களே கட்ட வேண்டுமா என்றும் ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கடைசி வரி முக்கியம். "டாக்ஸ் பாக்கி", "இன்ஷூரன்ஸ் நின்றுபோகும்" என்று மிரட்டும் கடிதங்களில் பாதியை இந்த ஒரு வரியை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

தாளை போன் எடுப்பவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்; மரியாதையாகப் பேசுகிறவரிடம் மரியாதையாகப் பதில் சொல்லும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு. "அவர் வீட்டில் இல்லை, எதுவானாலும் கடிதம் போடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டால் போதும். பிறந்த தேதி, பேங்க் பெயர், எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று எதற்கும் பதில் தேவையில்லை.

முதல் தவணைக்கு முன்னால் ஒரு வெற்று மாதம்

மார்ச் 20-ல் க்ளோசிங் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தின் மிச்ச நாட்களுக்கான வட்டியை அன்றே கட்டிவிடுவீர்கள். ஏப்ரல் மாத வட்டி மே 1-ல் கட்டும் தவணையில் வரும். ஆக, பொதுவாக முதல் தவணை மே 1. ஏப்ரலில் எதுவும் கட்ட வேண்டியதில்லை. முதல் முறை வாங்குபவர்களுக்கு இது ஒரு மாதிரி உறுத்தும்: "நிஜமாகவே கட்ட வேண்டாமா, விட்டுவிட்டோமா?" அந்த நேரம் பார்த்து "உங்கள் முதல் தவணை வரவில்லை, இன்றே போனில் கட்டினால் லேட் ஃபீ கிடையாது" என்று ஓர் அழைப்பு வரும். சந்தேகம் ஏற்கெனவே மனதில் இருப்பதால் நம்பத் தோன்றும். ஃபர்ஸ்ட் பேமெண்ட் லெட்டரில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

பொதுவாக மூன்று பக்கமும் ஓரத்தைக் கிழித்துத் திறக்கும் மடிப்புத் தாள்; சம்பளச் சீட்டோ வரி ஆவணமோ போல இருக்கும். வெளியே அனுப்பியவர் பெயர் இருக்காது. "ஃபைனல் நோட்டீஸ்", "செகண்ட் அட்டெம்ப்ட்" என்று சிவப்பில் இருக்கும். முதல் அட்டெம்ப்ட் எப்போது நடந்தது என்று கேட்காதீர்கள், நடந்திருக்காது. உள்ளே உங்கள் லெண்டரின் பெயர் தடித்த எழுத்தில், பக்கத்தில் கடன் தொகை, "இந்தத் தேதிக்குள் கூப்பிடவும்" என்று ஒரு கெடு, பெரிதாக ஒரு போன் எண்.

இப்போது தாளின் அடியில், சாம்பல் நிறத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். "நாட் அஃபிலியேட்டட் வித் யுவர் லெண்டர்" என்றோ, எந்த அரசு அலுவலகத்தோடும் தொடர்பில்லை என்றோ இருக்கும். சட்டத்திலிருந்து தப்பிக்க அவர்கள் போட்டுவைக்கும் வரி அது. பில் மாதிரித் தோன்றும் விளம்பரமாக இருந்தால், இது பில் அல்ல, கட்ட வேண்டிய கடமை இல்லை என்று தெளிவாகத் தெரியும்படி போட வேண்டும் என அமெரிக்க அஞ்சல் சட்டம் சொல்கிறது. முழு மோசடிக்காரர்கள் அதைக்கூடப் போடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு இடம், ஸ்டாம்ப் ஒட்டும் வலது மூலை. அங்கே "ப்ரீசார்ட்டட் ஸ்டாண்டர்ட்" என்பதன் சுருக்கமோ "மார்க்கெட்டிங் மெயில்" என்றோ அச்சாகியிருந்தால் அது மொத்தமாக அனுப்பும் விளம்பரத் தபால். பில்லையும் கணக்கு அறிக்கையையும் அந்த மலிவு விலையில் அனுப்ப அஞ்சல் துறை விடாது. அவை ஃபர்ஸ்ட் கிளாஸில்தான் வர வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் படிக்காதீர்கள். ஃபர்ஸ்ட் கிளாஸில் வரும் குப்பையும் நிறைய உண்டு.

அடிக்கடி வருபவை

மார்ட்கேஜ் ப்ரொடெக்ஷன் இன்ஷூரன்ஸ் கடிதம்தான் எண்ணிக்கையில் அதிகம். நீங்கள் இறந்தாலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ கடனை அடைக்கும் பாலிசி. இதை வாங்கியே தீர வேண்டும் என்று எந்த லெண்டரும் சொல்வதில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், பெயர் ஒத்துப்போகும் இன்னொன்று உண்டு: பிஎம்ஐ (ப்ரைவேட் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ்). சாதாரண கன்வென்ஷனல் கடனில் 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டியிருந்தால் லெண்டர் தன் பாதுகாப்புக்காக உங்கள் செலவில் எடுப்பது அது. அது உங்கள் தவணையிலேயே சேர்ந்துவிடும், தனியாக யாரும் கடிதம் போட்டு வசூலிக்க மாட்டார்கள். கடன் பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கேட்கலாம். தவணைகளை ஒழுங்காகக் கட்டிவந்தால் 78 சதவீதத்தில் தானாகவே நீங்க வேண்டும். எஃப்எச்ஏ (அரசு உத்தரவாதம் உள்ள) கடனுக்கு விதிகள் வேறு.

குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான கவலைதான். அதற்கு என் சிபாரிசு சாதாரண டெர்ம் லைஃப் இன்ஷூரன்ஸ். மார்ட்கேஜ் ப்ரொடெக்ஷனில் பெரும்பாலும் கடன் குறையக் குறைய கிடைக்கும் தொகையும் குறையும், பணம் நேரே லெண்டருக்குப் போகும். டெர்ம் பாலிசியில் தொகை குறையாது, பணம் குடும்பத்தின் கைக்கு வரும், எதை அடைப்பது என்று அவர்கள் முடிவு செய்யலாம்.

கடிதத்தோடு இணைத்திருக்கும் பதில் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். பிறந்த தேதி, துணைவர் வயது, புகைப்பழக்கம், செல்போன் எண், கீழே கையெழுத்து. "இலவசத் தகவல்தானே" என்று பூர்த்தி செய்து அனுப்பினால் அந்த அட்டை ஏஜெண்டுகளுக்கு விலைக்குப் போகும். உங்கள் கையெழுத்து, உங்களைக் கூப்பிட நீங்களே கொடுத்த சம்மதம் ஆகிவிடும். சிலர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார்கள். கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது டீட் நகல் கடிதம். நம் ஆட்கள் இதில் தனியாக மாட்டிக்கொள்ள ஒரு காரணம் உண்டு. ஊரில் அசல் பத்திரம் என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள். வீட்டுக் கடன் என்றால் அது பேங்க் லாக்கரில் இருக்கும். இங்கே கையில் எதுவும் இல்லையே என்ற நமைச்சல் இருந்துகொண்டே இருக்கும். "உங்கள் டீடின் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெறப் பரிந்துரைக்கப்படுகிறது, கட்டணம் இவ்வளவு" என்று அரசு முத்திரை போன்ற ஒன்றோடு, நூறு டாலரை ஒட்டிய தொகைக்கு ஒரு தாள் வரும். கட்டாதீர்கள். அமெரிக்காவில் உங்கள் உரிமை கவுண்டியின் பதிவில் இருக்கிறது. தாள் தொலைந்தால் வீடு தொலையாது. பதிவான டீட் பொதுவாகச் சில வாரங்களில் உங்களுக்குத் தபாலில் வரும். வராவிட்டால் ரெக்கார்டர் அலுவலகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் சில டாலர்களுக்கு நகல் கிடைத்துவிடும்.

ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான) வரிச் சலுகைக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று கட்டணம் கேட்பதும் இதே ஜாதி. டெக்சாஸில் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்டிலும், ஃப்ளோரிடாவில் பிராப்பர்ட்டி அப்ரெய்சரிடமும் அந்தப் படிவம் இலவசம். சலுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளோரிடாவில் மார்ச் 1 கெடு.

ஹோம் வாரண்டி "காலாவதியாகிறது" என்று வருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரண்டி ஏதாவது இருந்தால், வீட்டை விற்றவர் வாங்கிக் கொடுத்தது க்ளோசிங் காகிதத்தில் இருக்கும். இல்லையென்றால் காலாவதியாக எதுவும் இல்லை.

இரு வாரத் தவணைத் திட்டம் கொஞ்சம் நுட்பமானது, ஏனென்றால் அதில் கணக்கு உண்மை. மாதத் தவணை 2,400 டாலர் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,200 டாலர் கட்டுங்கள், வட்டி ஏராளமாக மிச்சமாகும் என்பார்கள். வருடத்துக்கு 26 முறை, ஆக 31,200 டாலர். அதாவது பதின்மூன்று மாதத் தவணை. ஒரு தவணை கூடுதலாகக் கட்டுவதால் கடன் சீக்கிரம் அடைகிறது, அவ்வளவுதான் ரகசியம். இதற்கு நடுவில் ஒருவருக்குச் சேர்க்கைக் கட்டணம் எதற்கு? மாதாமாதம் 200 டாலர் கூடுதலாக, "அசலுக்கு மட்டும்" என்று குறித்து நீங்களே கட்டினால் அதே பலன். போதாக்குறைக்கு, நடுவில் இருப்பவர் பணத்தைத் தாமதமாக அனுப்பினால் லேட் ஃபீ உங்கள் தலையில் விழும்.

கிழிக்கக் கூடாதவை

இத்தனையும் படித்துவிட்டு வரும் தபாலையெல்லாம் குப்பையில் போட ஆரம்பித்தால் அதுவும் ஆபத்து. உண்மையான சில கடிதங்கள், போலியை விட மோசமாக வடிவமைக்கப்பட்டிருக்கும்.

முதலாவது, கடன் கை மாறியது என்ற கடிதம். வீடு வாங்கிய சில வாரங்களிலேயே, கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனி "இனி தவணையை எங்களுக்கு அனுப்புங்கள்" என்று எழுதும். பார்த்தால் நூறு சதவீதம் ஏமாற்று வேலை போலவே இருக்கும். ஆனால் சர்வீசர் மாறுவது இங்கே சர்வ சாதாரணம். மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும் என்பதால் இதே கடிதத்தைப் போலியாகவும் அனுப்புகிறார்கள். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கூட்டரசு விதிப்படி பழைய சர்வீசர், மாற்றம் நடக்கும் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் உங்களுக்கு எழுத வேண்டும். புதியவர், மாறிய 15 நாளுக்குள் எழுத வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே கடிதம் போடுவதும் உண்டு. ஆகவே புதியவரின் கடிதம் மட்டும் வந்து பழையவர் வாய் திறக்கவில்லை என்றால் பணம் அனுப்பாதீர்கள். உங்கள் தாளில் இருக்கும் பழைய சர்வீசர் எண்ணைக் கூப்பிட்டு, "என் லோன் யாருக்குப் போகிறது, எந்தத் தேதியிலிருந்து, அவர்கள் போன் நம்பர் என்ன" என்று கேளுங்கள். பெரும்பாலான கடன்கள் மெர்ஸ் என்ற மின்னணுப் பதிவில் இருக்கும். 888-679-6377 எண்ணில் உங்கள் கடனின் தற்போதைய சர்வீசர் யார் என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

விசாரிக்க அவகாசம் இருக்கிறது, பதற வேண்டாம். மாற்றம் நடந்த தேதியிலிருந்து 60 நாள் வரை, தவறுதலாகப் பழைய சர்வீசருக்கு நேரத்துக்குள் கட்டிய தவணையைத் தாமதம் என்று கணக்கில் எழுத முடியாது. உறுதியான பிறகு தாளில் எண்ணை மாற்றி எழுதுங்கள். ஆட்டோபே தானாகத் தொடரும் என்று இருந்துவிடாதீர்கள். புதிய இடத்தில் புதிதாக அமைத்து, முதல் தவணை போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் புதிய சர்வீசரின் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஏஜெண்டிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, கலிஃபோர்னியாக்காரர்களுக்கு. வீடு கை மாறியதும் மதிப்பு மறுபடி கணக்கிடப்பட்டு சப்ளிமெண்டல் டாக்ஸ் பில் ஒன்று வரும். சில மாதம் கழித்து, வழக்கமான பில்லிலிருந்து தனியாக, நேரே உங்கள் பெயருக்கு வரும், லெண்டருக்குப் போகாது. "டாக்ஸ் எஸ்க்ரோவில் போகிறதே, இது போலி" என்று தூக்கிப் போட்டுவிட்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு. கவுண்டி வரி அலுவலகத்தின் தளத்துக்கு நீங்களே போய், பில்லில் உள்ள பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் கட்டுங்கள்.

வருடாந்திர எஸ்க்ரோ அறிக்கையும், ஜனவரியில் வரும் 1098 வட்டிப் படிவமும் வைத்துக்கொள்ள வேண்டியவை.

போன் வந்தால்

திரையில் உங்கள் பேங்கின் பெயரே தெரியலாம். அதைப் போலியாகக் காட்டுவது மிகச் சுலபம், எனவே திரையைச் சான்றாக எடுக்காதீர்கள். எதிரில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். கெட்டிக்காரத்தனமாகக் கேள்வி கேட்டு மடக்கவும் வேண்டாம். பேசப் பேச அவருக்குத்தான் விவரம் சேரும். "சரி, நானே என் சர்வீசரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்" என்று வைத்துவிடுங்கள். உண்மையான சர்வீசரின் ஆளாக இருந்தால் இதற்குக் கோபப்பட மாட்டார். "வைத்தால் ஆஃபர் போய்விடும்", "லைனில் இருங்கள், சூப்பர்வைசரைக் கொடுக்கிறேன்" என்று பரபரத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, ஸெல் செயலி, வயர் என்று பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். போனுக்கு வந்த ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது.

இன்னும் க்ளோசிங் ஆகாதவர்களுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் "வயர் விவரம் மாறிவிட்டது" என்று ஈமெயிலோ போனோ வந்தால், ஆரம்பத்திலேயே நீங்கள் குறித்துவைத்த டைட்டில் கம்பெனி எண்ணைக் கூப்பிட்டுப் பேசாமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். இந்த வகையில்தான் முழு முன்பணமும் ஒரே நாளில் போகிறது.

பிற்காலத்தில் தவணை கட்ட முடியாமல் சிக்கல் வந்தால், கடனைக் குறைத்துத் தருகிறோம் என்று முன்கூட்டியே கட்டணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். லெண்டரின் எழுத்துபூர்வமான சலுகையை வாங்கித் தந்து, அதை நீங்கள் ஏற்கும் வரை அவர்கள் பணம் வாங்குவதே கூட்டரசு விதிப்படி குற்றம். 888-995-4673 எண்ணில் அரசு அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள்.

வரும் தபாலையும் போனையும் குறைக்க

மார்ட்கேஜுக்கு விண்ணப்பித்த மறுநாளே பத்து லெண்டர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம், கிரெடிட் நிறுவனங்கள் உங்கள் விண்ணப்பச் செய்தியை விற்றதுதான். 2025 செப்டம்பரில் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் ஒன்று, 2026 மார்ச் முதல் இந்த விற்பனையைப் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் சம்மதம் பெற்றவர்கள், ஏற்கெனவே உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள், உங்கள் கணக்கு இருக்கும் பேங்க் போன்றோருக்கு மட்டும் விலக்கு. அதோடு ஆப்ட்அவுட்ப்ரீஸ்க்ரீன் டாட் காம் தளத்திலோ 888-567-8688 எண்ணிலோ பதிந்தால், கிரெடிட் விவரத்தை வைத்து வரும் கடன் விளம்பரங்கள் ஐந்து வருடத்துக்கு நிற்கும். போன் விற்பனைக்கு டூநாட்கால் டாட் கவ். திருடர்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை என்றாலும், பதிந்த 31 நாளுக்குப் பிறகும் வரும் விற்பனை அழைப்பு எப்படிப்பட்டது என்று ஊகிக்க உதவும். கவுண்டிப் பதிவிலிருந்து கிளம்பும் கடிதங்களை இவை எதுவும் நிறுத்தாது. சில மாதங்களில் தானாகக் குறையும். ரீஃபைனான்ஸ் செய்தால் (பழைய கடனுக்குப் பதில் புதிய கடன் எடுத்தால்) மறுபடி ஆரம்பிக்கும்.

உங்கள் வீட்டின் டைட்டிலை யாரோ திருடிவிடுவார்கள் என்று மாதக் கட்டணத்துக்குக் கண்காணிப்பு விற்கிறார்கள். அதற்கு முன் உங்கள் கவுண்டி ரெக்கார்டர் தளத்தைப் பாருங்கள். உங்கள் பெயரில் புதிய ஆவணம் பதிவானால் ஈமெயில் அனுப்பும் வசதி பல கவுண்டிகளில் இலவசம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டால்

வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளாதீர்கள். வயர் என்றால் அந்த மணி நேரமே பேங்கின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டுத் திரும்பப் பெறச் சொல்லுங்கள், எஃப்பிஐயின் ஐசி3 டாட் கவ் தளத்திலும் புகார் பதியுங்கள். கிரெடிட் கார்டு என்றால் டிஸ்ப்யூட், செக் என்றால் ஸ்டாப் பேமெண்ட். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்லியிருந்தால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் மூன்றிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள். இலவசம்தான், ஆனால் மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பிறகு ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் பதிந்தால் அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதை அதுவே வரிசையாகச் சொல்லும். தபாலில் வந்த மோசடிக்கு அஞ்சல் துறையின் புலனாய்வுப் பிரிவு, 877-876-2455. கடிதத்தை உறையோடு பத்திரமாக வைத்திருங்கள், கேட்பார்கள். உண்மையான சர்வீசரையும் கூப்பிட்டு, இந்த மாதத் தவணை அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போலிக்குக் கட்டியது கணக்கில் ஏறாது. அசல் தவணைக்குப் பெரும்பாலும் பதினைந்து நாள் சலுகை இருக்கும், அதற்குள் கட்டிவிட்டால் லேட் ஃபீயாவது மிச்சமாகும்.